கதிரவன்மேல் ஒரு வழக்கு

துன்பம் வந்துற்றபோது அதன் காரணத்தைத் தொலைவில் தேடுவது மனித இயல்பு. அருகில் தேடினால் நம்முடைய கையும் அதில் இருப்பது தெரிந்துவிடுமோ என்ற அச்சம் உள்ளத்தின் ஒரு மூலையில் எப்போதும் உண்டு. எனவே கோள்களைக் குறை கூறினோம். காலத்தைக் குறை கூறினோம். விதியைக் குறை கூறினோம். எழுத்தறிவற்றோர் மட்டுமே இவ்வாறு செய்தனர் என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சியாளரும் அறிஞரும் சேர்ந்து கதிரவன்மேலேயே ஒரு குற்றச்சாட்டைச் சுமத்தினர். அந்த வழக்கை விசாரிக்க எழுந்த மன்றம் என்றே நம் திண்டுக்கல் மாவட்டத்தின் மலைமுடியில் நிற்கும் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தைச் சொல்லலாம்.

1999ஆம் ஆண்டு டிசம்பர் 13 முதல் 16 வரை அந்தக் கொடைக்கானலில் பன்னாட்டு அறிஞர்கள் கூடினார்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 179ஆவது கருத்தரங்கு அது. கதிரவனின் காந்தப் புலங்கள் ஆண்டுகள்தோறும் எவ்வாறு பெருகித் தணிகின்றன என்பதே அவர்கள் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஆய்வுக்கூடம் நூறாண்டு நிறைவு கண்ட ஆண்டும் அதுவே. உலகில் எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க, இந்த மலையூர் அத்தகைய கூட்டத்துக்கு உரிய இடமானது எப்படி? இதற்கு விடை மலைமேல் கிடைக்காது. கீழே, நம் சமவெளியில், 1876இல் அதைத் தேட வேண்டும்.

தாது வருடத்துப் பஞ்சம்

அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் என்று வடக்கு நோக்கி விரியும் நிலப்பரப்பை அறிந்தவர்களுக்கு அதன் வாழ்வும் தாழ்வும் மழையில் இருப்பது தெரியும். தென்மேற்கே நீலமாய் நிற்கும் பழனி மலைத்தொடர், ஆனி ஆடி மாதங்களின் மேகங்களைப் பெரும்பாலும் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். சமவெளிக்குக் காற்று மட்டுமே வந்து சேரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் மழையே குளங்களை நிரப்ப வேண்டும். கிணறுகளை ஊறச் செய்ய வேண்டும். குடகனாற்றில் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த மழை ஓராண்டு தவறினால் இன்னல். அடுத்தடுத்துத் தவறினால் பேரிடர்.

தாது வருடத்தில், அதாவது 1876இல், அது நேர்ந்தது. தென்னிந்தியா முழுவதும் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. திண்டுக்கல் அப்போது அடங்கியிருந்த மதுரை மாவட்டமும் தப்பவில்லை. பசியால் இறந்தோரைவிட, பசியால் நலிந்த உடலைக் காலராவும் காய்ச்சலும் பற்றியதால் இறந்தோர் பலர். வீட்டை அடைத்துவிட்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றவர்களும் பலர். 'தாது வருடப் பஞ்சம்' என்ற சொல் நம் பாட்டிமார் வாயில் இரண்டு மூன்று தலைமுறை வரை ஓர் அளவுகோலாகவே விளங்கியது.

இவ்வளவு பெரிய சாவுக்குக் காரணம் என்ன? மழை பெய்யவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்நாளில் நடந்த வேறு சில செய்திகளையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. மக்கள் மாண்டுகொண்டிருந்த காலத்திலேயே நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் நாளில் வைசிராய் லிட்டன் பிரபு, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழாவைத் தில்லியில் நடத்தினார். அதே மாதத்தில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவுமே போதும் என்று விதித்தார். கல்லுடைத்து மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே படி உயர்த்தப்பட்டது. இடையில் சென்ற உயிர்கள் சென்றவைதாம்.

குற்றவாளிக் கூண்டில் கதிரவன்

இந்தச் சூழலில்தான் கதிரவன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டான். கதிரவன் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதைத் தொலைநோக்கி கண்ட நாள் முதலே மனிதர் அறிந்திருந்தனர். ஜெர்மனியின் தெசாவு நகரில் மருந்துக்கடை வைத்திருந்த சுவாபே என்பவர், 1826 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் அப்புள்ளிகளை எண்ணிக் குறித்துவந்தார். பதினேழு ஆண்டுகள் எண்ணிய பின், 1843இல், புள்ளிகளின் தொகை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று வெளியிட்டார். அந்தச் சுழற்சி சராசரியாக 11 ஆண்டு என்று பின்னர் உறுதியாயிற்று. ரோமாபுரியில் இயேசு சபைக் குருவான ஆஞ்செலோ செக்கி அடிகளார், கதிரவனின் ஒளியைப் பிரித்து ஆராயும் கலையில் முன்னோடியாக விளங்கி, அதன் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளை நாள்தோறும் வரைந்து வைத்தார்.

கதிரவனிடத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டென்றால், அது மண்ணிலும் எதிரொலிக்காதா? நல்ல கேள்விதான். 1877இல், பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, 'நேச்சர்' இதழை நிறுவிய நார்மன் லாக்கியரும், இந்திய அரசின் புள்ளியியல் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டரும் சேர்ந்து கரும்புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்பது அவர்கள் வாதம். 1878இல் புள்ளிகள் மிகக் குறைந்திருந்ததும் அவ்வாதத்துக்கு வலிமை தருவதுபோல் தோன்றியது. அந்த ஆண்டே டேராடூனில் நாள்தோறும் கதிரவனைப் படமெடுக்கும் பணி தொடங்கிற்று.

அவர்களை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. பஞ்சம் வரும் ஆண்டை முன்கூட்டியே அறிந்தால் உயிர்களைக் காக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு உழைத்தவர்கள் அவர்களில் இருந்தனர். ஆயினும் இந்தக் கருத்து ஆட்சியாளருக்கு மிகவும் வசதியாக அமைந்தது என்பதையும் மறுக்க முடியாது. குற்றவாளி ஒன்பது கோடி மைல் தொலைவில் இருந்தால், அருகில் இருப்பவர்களை யார் விசாரிப்பார்கள்?

மலைமேல் எழுந்த மன்றம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் தலைவர் நார்மன் போக்சன், தென்னகத்து மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி அமைக்க வேண்டும் என்று 1882இல் முன்மொழிந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சார்லஸ் மிச்சி ஸ்மித், பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி வானத்தின் தெளிவை ஆராய்ந்தார். 1893இல் கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில்தான் அருகிலுள்ள செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. அம்மலையின் செடிகொடிகளையும் பழங்காலக் கற்பதுக்கைகளையும் ஆராய்ந்த குருக்கள் அங்கே வாழ்ந்தனர். பசியும் கொள்ளைநோயும் கண்ட சமவெளிக்கு மேலே, ஓராண்டிலேயே இரு கல்விக்கூடங்கள் வேரூன்றின.

மோட்டார் வண்டிச் சாலை மலையேறாத காலம் அது. அம்மையநாயக்கனூர் இரயிலடியில் இறங்கிய பொருள்கள் மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குறுகிய மலைப்பாதையில் ஏற வேண்டும். ஆளும் விலங்கும் சுமக்கக்கூடியதே மேலே செல்லும். அவ்வாறு சுமந்தவர்கள் பலரும், தாது வருடத்தில் பிழைத்தெஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகளாகவே இருந்திருப்பர். தம் பெற்றோரின் பசிக்குக் காரணம் காணும் கருவிகளையே சுமக்கிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல யாருக்கும் தோன்றியிருக்குமா?

1899இல் சென்னைக் கூடத்தின் பணிகள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர் ஆனார். கடல்மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், 1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனின் முழு உருவம் கண்ணாடித் தகடுகளில் பதிவாயிற்று. கரும்புள்ளிகளை வெள்ளொளியில் ஒரு படம்; கால்சியம் அணுக்கள் வெளியிடும் ஒளியை மட்டும் பிரித்து எடுத்த மற்றொரு படம்; பின்னர் ஹைட்ரஜன் ஒளியிலும் ஒரு படம். ஒவ்வொரு தகட்டுக்கும் நாளும் நேரமும் குறித்து வைக்கப்பட்டன. போர் மூண்டது, பேரரசு மறைந்தது, நாடு விடுதலை பெற்றது. தகடுகள் அடுக்கில் ஏறிக்கொண்டே இருந்தன.

1907இல் இங்கே வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் ஓர் உண்மையைக் கண்டார். கரும்புள்ளியின் நிழலோரப் பகுதியில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி விரைந்து பாய்கின்றன என்பதே அது. உலகின் வானியல் நூல்களில் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் துணைவியார் மேரியும் வானியல் அறிஞரே. கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் விண்ணகக் காட்சிகளை அக்கால வானியலோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூல், கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் உருவான ஒன்று. வானத்தைக் கருவியாலும் காவியத்தாலும் ஒருங்கே நோக்கிய இல்லம் ஒன்று நம் மலையில் இருந்தது என்பது நினைக்க இனிதாய் இருக்கிறது.

முதல் தீர்ப்பு

வழக்கு என்னவாயிற்று? அந்நாளில் கொடைக்கானல், இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. 1904 முதல் 1924 வரை அத்துறையின் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர். அவர் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையையும் பல இடங்களின் மழை அளவையும் பொறுமையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு வலிய தொடர்பு எதுவும் அங்கே இல்லை என்று கண்டார். கதிரவன்மேல் சாட்டிய குற்றம் நிறுவப்படவில்லை.

ஆனால் அவர் தேடலை அத்துடன் நிறுத்தவில்லை. உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தக் கணக்குகளை ஒன்றுசேர்த்தார். பசிபிக் பெருங்கடலின் கிழக்கில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வதும், இங்கே உயரும்போது அங்கே தாழ்வதும், துலாக்கோல்போல் மாறிமாறி நிகழ்வதைக் கண்டு, அதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயரிட்டார். பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் 'எல் நினோ'வும் இந்த அலைவும் ஒன்றன் இரு முகங்கள் என்று 1960களில் தெளிவாயிற்று. 1877இல் வலிமை மிக்க எல் நினோ ஒன்று நிகழ்ந்தது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. மழை தவறியதன் காரணத்தை வானத்தில் தேடியவர்களுக்கு விடை கடலில் கிடைத்தது.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பதற்கு உலகின் மறுகோடியிலும் ஒரு சான்று உண்டு. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர், 1828இல் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டியும் தண்ணீர் வரவில்லை. 116 மீட்டர் ஆழம் சென்ற பிறகும் மண் கல்லாய் உறைந்தே இருந்தது. சில ஆண்டுகளில் மிடென்டார்ஃப் என்ற அறிஞர் அக்கிணற்றுள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலத்தைப் பற்றிய அறிவியல் அந்த வறண்ட கிணற்றிலிருந்தே பிறந்தது எனலாம். ஆங்கிலத்தில் இதனைப் 'பெர்மாஃப்ராஸ்ட்' என்பர். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உறைநிலையிலேயே இருக்கும் நிலம் என்பது அதற்கு அறிஞர் கூறும் இலக்கணம். அங்கே தாகம், இங்கே பசி. இரண்டும் அறிவின் வாயில்களாயின.

பகைவர்கள் கூடிய அவைகள்

ஒரு மலையிலோ ஒரு கிணற்றிலோ எடுத்த கணக்கு தனியாக நின்றால் அதன் பொருள் முழுமை பெறாது. கொடைக்கானலில் இரவாகும்போது வேறு நாட்டில் பகல். இங்கே மழைமூட்டம் என்றால் அங்கே தெளிந்த வானம். பாரிசுக்கு அருகே மூதோனிலும், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனிலும் எடுத்த படங்களோடு நம் படங்களைச் சேர்த்தால்தான் கதிரவனின் நாட்குறிப்பு இடைவெளியின்றி அமையும். அறிஞர்கள் நாடு கடந்து கூடுவதன் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

துருவப் பகுதிகளை ஆராயப் பல நாடுகள் சேர்ந்து 1882-83இலும் 1932-33இலும் 'துருவ ஆண்டு' கொண்டாடின. மூன்றாவது துருவ ஆண்டாகத் திட்டமிட்டதே விரிந்து, 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை 67 நாடுகள் பங்கேற்ற பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாக மலர்ந்தது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவும் சோவியத் நாடும் அதில் ஒருங்கே பங்கேற்றன. பனி சூழ்ந்த துருவத்தில் அளவெடுத்தோரும், நிலநடுக்கோட்டை அடுத்த கொடைக்கானலில் புவியின் காந்தத்தையும் மேல்வளிமண்டலத்தையும் அளந்தோரும் ஒரே பணியின் கூட்டாளிகள் ஆயினர்.

உறைநிலத்தை ஆராய்வோரும் இவ்வாறே கூடினர். அவர்களுடைய முதல் பன்னாட்டு மாநாடு 1963இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டாவது, 1973இல், ஷெர்கின் கிணறு வெட்டிய அதே யாகுட்ஸ்கில். இரு வல்லரசுகளும் ஏவுகணைகளை ஒன்றையொன்று நோக்கி நிறுத்தியிருந்த 1983இல், அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் மாநாட்டின்போது, அமெரிக்கா, சோவியத் நாடு, கனடா, சீனா ஆகிய நான்கும் சேர்ந்து பன்னாட்டு உறைநிலச் சங்கத்தை நிறுவின. அதன் முதல் தலைவர் மெல்னிகோவ் என்ற சோவியத் அறிஞர். கூட்டம் நடந்தது அமெரிக்க மண்ணில் என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

அந்த நட்புக்கும் சோதனை வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த பின், மேலைநாட்டு நிறுவனங்களுக்கும் ரஷ்ய நிறுவனங்களுக்கும் இடையே நடந்த கூட்டு ஆய்வுகள் பெரும்பாலும் நின்றுபோயின. ரஷ்ய நிலப்பரப்பில் பாதிக்கு மேல் உறைநிலமே. அங்கிருந்து கணக்கு வராவிட்டால் உலகின் உறைநிலப் படம் பாதி இருண்டுவிடும். அந்நிலையில்தான் 2024 ஜூனில் கனடாவின் வைட்ஹார்ஸ் நகரில் பன்னிரண்டாவது மாநாடு கூடியது. போர் மனிதரைக் கொல்வதோடு, மனிதகுலம் தன் வருங்காலத்தைக் காணும் கண்ணையும் மறைக்கிறது.

உறைநிலத்தின் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். செத்த செடிகொடிகளின் மிச்சமாக அந்த மண்ணுக்குள் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் உறைந்து கிடக்கிறது. வளிமண்டலத்தில் இப்போது உள்ள கரிமத்தைப்போல் அது கிட்டத்தட்ட இருமடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதை உண்டு கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியிடும். உலகம் மேலும் சூடேறும். சைபீரியாவில் இளகும் மண் நம் குடகனாற்றுக்கும் அயலானது அன்று. காற்றுக்கு எல்லைக்கல் கிடையாது.

இரண்டாம் தீர்ப்பு

இப்போது 1999இன் கொடைக்கானலுக்குத் திரும்புவோம். அங்கே கூடிய அறிஞர்கள், கதிரவனின் உள்ளே காந்தப் புலம் எப்படிப் பிறக்கிறது, ஒரு சுழற்சி வலிதாகவும் மற்றொன்று மெலிதாகவும் அமைவதேன் என்று ஆராய்ந்தனர். இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் ஆகா. 1989 மார்ச்சில் கதிரவனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 இலட்சம் மக்களை மணிக்கணக்கில் இருளில் ஆழ்த்தியது. செயற்கைக்கோள்களும் மின்தடங்களும் நிறைந்த உலகம் கதிரவனின் மனநிலையை அறிந்திருக்க வேண்டும். அதை அறிய ஓராண்டுக் கணக்கு போதாது. ஒரு சுழற்சிக்கே 11 ஆண்டுகள். காந்தத் திசை மாறி மீண்டும் பழைய நிலைக்கு வர 22 ஆண்டுகள். ஓர் ஆய்வாளர் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்தாலும் மூன்று சுழற்சிகளுக்கு மேல் காண்பது அரிது. எனவே முன்னோர் விட்டுச்சென்ற தகடுகளே அறிவின் மூலதனம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்த படங்கள் உலகில் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. நம் மலை அவற்றுள் ஒன்று. அப்படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு எந்த நாட்டு ஆய்வாளருக்கும் பயன்படுகின்றன.

இந்த நீண்ட கணக்கு மற்றொரு வழக்கிலும் சாட்சி சொல்கிறது. புவி சூடேறுவதற்குக் கதிரவனே காரணம், மனிதர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இன்றும் சொல்வோர் உண்டு. 1877இன் குரல்தான் புதிய உடையில் வந்திருக்கிறது. கரும்புள்ளிகளின் நெடுங்கணக்கும், 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் கதிரொளிக் கணக்கும் சேர்ந்து கூறுவது என்ன? 1980களுக்குப் பின் கதிரவனின் செயல்வேகம் பொதுவாகக் கூடவில்லை. சற்றுத் தணிந்தே இருக்கிறது. ஆனால் புவியின் வெப்பம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் கலந்த கரியமில வாயுவே முதன்மைக் காரணம் என்று அறிவியலுலகம் உறுதியாகக் கூறுகிறது. ஆக, கதிரவன் இரண்டாம் முறையும் விடுவிக்கப்பட்டான். விரல் நம்மை நோக்கித் திரும்புகிறது.

கணக்கும் களஞ்சியமும்

பஞ்சத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஒரு முடிவுக்கு வந்துள்ளனர். மழை தவறுவது இயற்கையின் செயல். மழை தவறிய ஆண்டில் மக்கள் கூட்டம் கூட்டமாய்ச் சாவது மனிதரின் செயல். இதற்கு நம் காலத்திலேயே சான்று கிடைத்தது. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 1876க்குப் பின் இத்தகைய வறட்சி இல்லை என்று அப்போது சொல்லப்பட்டது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. உழவர் பட்ட துயரம் சிறிதன்று; உயிரிழந்தோரும் உண்டு. எனினும் தாது வருடத்தைப்போல் சாலையோரம் எங்கும் பிணங்கள் கிடக்கவில்லை. இடையில் மாறியது வானம் இல்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது. பிற மாநிலத்துத் தானியம் இங்கே வந்தது. மக்கள் கேள்வி கேட்டால் அஞ்சும் அரசு இருந்தது. மழை ஏறத்தாழ அன்றுபோலவே பொய்த்தும், முடிவு வேறாயிற்று.

எகிப்தில் பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பை நாம் அறிவோம். பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே சொன்னதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. செழிப்பான ஆண்டுகளில் களஞ்சியம் கட்டினார். பஞ்சம் வந்தபோது அதைத் திறந்தார். டெம்பிளின் காலத்தில் களஞ்சியம் இல்லாமல் இல்லை. திறக்கும் மனம்தான் இல்லை. அறிவு கனவுக்குப் பொருள் சொல்லலாம். கதவைத் திறப்பது நீதியின் வேலை.

அதனால் அறிவின் உழைப்பு வீண் என்று ஆகாது. களஞ்சியத்தை எப்போது நிரப்ப வேண்டும் என்று சொல்ல அது வேண்டும். எல் நினோ உருவாகிறதா என்று பல மாதங்களுக்கு முன்பே இன்று எச்சரிக்க முடிகிறது என்றால், வாக்கர் போட்ட கணக்கும் அதற்கு ஓர் அடித்தளம். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் கிளம்பி 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்த ஆதித்யா-எல்1 விண்கலத்தில் கதிரவனின் புறவளையத்தை நோக்கும் கருவி, கொடைக்கானல் கூடத்தை நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் படைப்பே. மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்த பணி, இன்று புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தொடர்கிறது.

அகரத்துச் சமவெளியில் நின்று நீல மலையைப் பார்க்கும் நாம் இதை மனத்தில் கொள்வது நன்று. வானம் தெளிந்த காலைகளில் அங்கே இன்றும் யாரோ ஒருவர் கதிரவனைப் பதிவு செய்கிறார். அவர் காணாத தலைமுறை ஒன்றுக்கு அது பயன்படும். கீழே நமக்கும் அதற்கு ஈடான அன்றாடப் பணிகள் உண்டு: குளத்து வண்டலை அகற்றுவது, வரத்துக்கால்களை அடைக்காதிருப்பது, ஆற்று மணலை ஆற்றிலேயே விடுவது, எளியவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது. இவற்றைச் செய்துவிட்டு வானத்தை நோக்கினால், அங்கே குற்றவாளி எவரும் தென்படமாட்டார். நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒன்றுபோல் ஒளி வீசும் கதிரவன் மட்டுமே தெரிவான்.